மாற்றிக் கட்டிய காப்பு

மாசி பிறந்துவிட்டால் கொடிக்கால்காரனுக்கு வீடு, பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் இரண்டாம்பட்சம். பனி விலகி வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கும். ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் வெற்றிலைக் கொடி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். கரைப்பட்டியில் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு. சமயநல்லூர் ஸ்டேஷனில் இறங்கி வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்தால் ஓர் எல்லைக்கல் வரும். அதைத் தாண்டியதும் அகத்தி மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வொரு அகத்தியையும் பற்றிக்கொண்டு வெற்றிலைக் கொடி ஏறியிருக்கும். வெளியே கொளுத்துகிற வெயிலுக்கும் உள்ளே இருக்கிற ஈரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொடிக்காலுக்குள் போக வேண்டும், ராஜாவாக இருந்தாலும்.

நல்லகாமனுக்கு அங்கே ஒரு கொடிக்கால். ஆள் கட்டை, குரல் அதைவிடக் கட்டை. வாயைத் திறந்தால் வெற்றிலைச் சாறு வழிந்துவிடும் என்பதற்காகவோ என்னவோ, மனுஷர் அதிகம் பேசுவதில்லை. எதைச் சொன்னாலும் பாதிதான் சொல்லுவார். மீதியைக் கேட்கிறவன் தன் சாமர்த்தியம்போல் நிரப்பிக்கொள்ள வேண்டும். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி அன்னக்கொடி பேசிவிடுவாள். வெற்றிலையைக் கட்டுக் கட்டாக, கவுளி கவுளியாக அடுக்குகிறபோது அவள் விரல்கள் ஒரு பக்கம் எண்ணிக்கொண்டிருக்கும், வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை.

அவள் பேச்சில் பாதி மகனைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஒரே மகன் முத்திருளன், மதுரையில் ஒரு ஹைஸ்கூலில் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்தான். ஊரிலேயே அவ்வளவு தூரம் படித்தவன் அவன் ஒருவன்தான். அவன் தாலுகா கச்சேரியில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், கால் சேற்றில் படக் கூடாது, இதுதான் அன்னக்கொடியின் கனவு.

அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டருக்கு இரண்டு ஆசை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு அனுப்புகிற பிள்ளைகளில் ஒருவன்கூடத் தவறக் கூடாது என்பது ஒன்று. அதனால் மாசி மாதம் பள்ளிக்கூடத்திலேயே ஒரு பரீட்சை வைத்துச் சலித்து எடுப்பார். அதில் தேறாதவன் வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். மதுரைப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஆடுகிற புட்பால் பந்தயத்தில் கோப்பை தன் மேஜைக்கு வர வேண்டும் என்பது இன்னொன்று. காலையில் பிரார்த்தனையில் நின்று படி படி என்பார். சாயங்காலம் மைதானத்தில் நின்று ஓடு ஓடு என்பார். பையன்கள் பாடு திண்டாட்டம்.

முத்திருளன் அந்தத் திண்டாட்டத்தின் நடுவில் இருந்தான். அரைப் பரீட்சையில் கணக்கில் தவறிவிட்டான். அன்னக்கொடி அன்று சாப்பிடவில்லை. “இன்னும் ரெண்டு நாழி கூட இருந்து படிச்சிட்டு வா அப்பு, ராத்திரி வண்டிக்கு வந்தாலும் பரவாயில்ல” என்றாள். அவனும் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி, சாயங்காலம் நாலு மணி வண்டியை விட்டுவிட்டு ராத்திரி வண்டிக்கு வரத் தொடங்கினான். உண்மையில் அந்த நேரத்தில் பாதி மைதானத்துக்குப் போயிற்று. மீதியில் சிம்மக்கல்லில் உமர் பாரூக் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் யாருக்கும் பந்து விஷயம் தெரியாது.

நல்லகாமனுக்கு அது தெரிந்தது சிம்மக்கல்லில்.

உமர் பாரூக்கின் தகப்பனார் சேக் இஸ்மாயில் அங்கே வெற்றிலை மண்டி வைத்திருந்தார். கரைப்பட்டிக் கூடைகள் அவரிடம்தான் இறங்கும். யுத்தம் வரும், வராது என்று எல்லாக் கடையிலும் பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷம் அது. நல்லகாமன் கூடையை இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சேக் இஸ்மாயில் யுத்தத்தை விட்டுவிட்டு வேறு கேட்டார்.

“என்னண்ணே, சாயங்காலம் மேட்சுக்கு இருந்துட்டுத்தான போறீங்க?”

“என்ன மேச்சு?”

“நல்லாக் கேட்டீங்க. பெத்த புள்ள ஆடுறான். சிம்மக்கல்லுல பாதிக் கடை இன்னைக்குச் சீக்கிரம் சாத்தப் போறான், நீங்க என்ன மேச்சுங்கிறீங்க.”

“பாய், நீங்க ஆள் மாறிப் பேசுறீக. எம் பய ஸ்பெசல் கிளாசுல இருக்கான்.”

சேக் இஸ்மாயில் நாக்கைக் கடித்துக்கொண்டார். “வீட்டுல சொல்லலியா? அல்லா, நான்தான் ஒளறிட்டேனா? சரி, ஆனது ஆச்சு. வாங்க, வந்து கண்ணால பாத்துட்டு அப்புறம் அவனை வெட்டுங்க, குத்துங்க.”

வெட்டுகிற நினைப்போடுதான் நல்லகாமன் போனார். மைதானத்துக்கு வேலி மாதிரி மூங்கில் கட்டியிருந்தார்கள். மூங்கிலுக்கு வெளியே கூட்டம் நெரிந்தது. கடலைக்காரனும் ஜிகர்தண்டாக்காரனும் கூட்டத்துக்குள் முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு போனார்கள். சேக் இஸ்மாயில் முதுகுகளை விலக்கி நல்லகாமனை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“அந்தா, கோல்ல நிக்கிறான் பாருங்க, அது எம் மகன். உங்க மகன் இந்தப் பக்கம், இடது ஓரம். அதுக்குப் பேரு லெப்ட் அவுட்டு.”

“என்ன அவுட்டு?”

“லெப்ட் அவுட்டு.”

நல்லகாமன் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

விசில் ஊதினார்கள். நல்லகாமனுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை பேர் சேர்ந்து ஒரு பந்தை விரட்டுகிறார்கள், கிடைத்ததும் உதைத்துத் தள்ளிவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் ஏன் விரட்டுவது? பிறகு பந்து முத்திருளன் காலுக்கு வந்தது. அவன் ஓரத்துச் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி வெறுங்காலோடு ஓடினான். அந்த ஓட்டம் நல்லகாமனுக்குத் தெரியும். கொடிக்காலுக்குள் ஒற்றையடி வரப்பில், இந்தப் பக்கம் கொடியும் அந்தப் பக்கம் தண்ணீருமாக இருக்க, இரண்டிலும் படாமல் கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு சின்ன வயதிலிருந்து ஓடி வருவானே, அதே ஓட்டம்தான். எதிராளிகள் ஒருவன் பின் ஒருவனாகக் குறுக்கே விழுந்தார்கள். அவன் கோட்டைவிட்டு விலகவே இல்லை. கடைசியில் பந்தை நடுவே தூக்கி அடித்தான். யாரோ தலையால் முட்டினான். கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது.

“கரைப்பட்டிப் பயடா! அவன் காலைக் கழுவிக் குடிங்கடா!” என்று பக்கத்தில் ஒருவன் துண்டைச் சுழற்றினான்.

அது என் மகன் என்று சொல்ல நல்லகாமனுக்கு வாய் வந்துவிட்டது. சொல்லவில்லை.  கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. பொய் சொன்ன பயலைப் பார்த்துத் தகப்பனுக்கு நெஞ்சு பொங்கினால் அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைகிறபோது கேட்டார். “பாய், இதுக்குச் சம்பளம் உண்டா?”

“கிடையாது.”

“பரீச்சையில மார்க்குக் கூடப் போடுவாகளா?”

“அதுவும் கிடையாது.”

“பெறகு என்னத்துக்குத்தான் இது?”

சேக் இஸ்மாயில் தாடியைச் சொறிந்தார். “அது தெரிஞ்சா நான் ஏன்ணே மண்டியை அம்போன்னு போட்டுட்டு இங்க வந்து நிக்கிறேன்? அடுத்த புதன்கிழமை பைனலு. வருவீங்கள்ல?”

“பாப்பம்.”

நல்லகாமன் ‘பாப்பம்’ என்றால் வருகிறார் என்று அர்த்தம். ஊர்ப் பக்கம் போகிற ஒரு மாட்டு வண்டியில் ஏறிக் கிளம்புகிறபோது, “நான் வந்து பாத்தேன்னு பயககிட்டச் சொல்லாதீக. மறச்சவன் அவனாச் சொல்லட்டும்” என்றார்.

அன்று முதல் அவர் இரண்டு ஆளாகிவிட்டார். அன்னக்கொடி கவுளி அடுக்கிக்கொண்டே தாலுகா கச்சேரி நாற்காலியைப் பற்றிப் பேசும்போது ஆமாம் என்று தலையை ஆட்டுவார். கொடிக்காலில் தனியாக நின்று தண்ணீரை வாரி இறைக்கும்போது ‘லெப்டு அவுட்டு’ என்று சொல்லிப் பார்ப்பார். முத்திருளன் ராத்திரி வண்டிக்கு வந்து, “ஸ்பெஷல் கிளாஸ் லேட்டாயிருச்சு” என்று சொல்லும்போது அவன் முழங்கால் சிராய்ப்பைப் பார்ப்பார். சொல்லுவான், சொல்லுவான் என்று காத்திருந்தார். அவன் சொல்லவில்லை. இவர் கேட்கவும் இல்லை.

இதற்கு நடுவில்தான் ஊரில் அம்மனுக்குத் திருவிழா அறிவித்துச் சாட்டினார்கள். மாசித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டால், அடுத்த வெள்ளிக்கிழமை சட்டி எடுத்து முடிகிறவரை விரதம். கவுச்சி கூடாது. வீட்டில் தாளிக்கிற ஓசைகூடக் கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். முத்திருளன் மத்தியான வண்டிக்கே வந்து களைத்துப் படுத்திருந்தான். அன்னக்கொடி அவனை எழுப்பித் தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரவேட்டியோடு கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தூக்கக் கலக்கம் தெளிகிறதற்குள் பூசாரி சோலை அவன் கையில் காப்பைக் கட்டிவிட்டார். பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“ஆத்தா, என்ன காரியம் செஞ்ச? வியாழக்கெழமை கணக்குப் பரீச்சை. நான் எப்படி மதுரைக்குப் போறது?”

அன்னக்கொடிக்கு முகம் வெளுத்துவிட்டது. “பரீச்சை அடுத்த மாசம்னுல்ல நெனச்சேன். நீ தேறணும்னுதான அப்பு நேந்துக்கிட்டேன்.” மகன் தேற வேண்டும் என்று தெய்வத்திடம் போய், பரீட்சைக்கே போக முடியாமல் கட்டிப்போட்டுவிட்டோமே என்று அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “ஏ சோலையண்ணே, இதுக்கு ஒரு வழி சொல்லு. எம் புள்ள பொழப்புப் போயிரும்.”

சோலை நல்ல மனுஷர். திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு அம்மனைப் பார்த்தார், அன்னக்கொடியைப் பார்த்தார். “படிக்கிற புள்ள. அம்மன் ஒண்ணும் கண்ணவிஞ்சவ இல்ல, பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. காலையில போகட்டும். ஆனா வெளக்கு வைக்கிறதுக்குள்ள எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்துறணும். அது தப்புச்சுன்னா நான் பொறுப்பில்ல.”

அன்னக்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலு மணி வண்டியில் ஏறினால் விளக்கு வைப்பதற்குள் வந்துவிடலாம். பரீட்சைக்குப் பழுதில்லை. ஆனால் முத்திருளனுக்குப் போன உயிர் வரவில்லை. புதன்கிழமை பைனல். ஆட்டம் தொடங்குவதே அஞ்சு மணிக்கு.

ராத்திரி கஞ்சி குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தான். தாளிக்காத கீரையும் கம்மங்கஞ்சியும். கை கலயத்தில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

“ஆத்தா, புதன்கெழமை ஒரு நாள் மட்டும் ராத்திரி வண்டிக்கு வாரேனே.”

“என்னத்துக்கு?”

“ஸ்பெஷல் கிளாஸ்.”

“தெய்வத்துக்கு மேல என்னடா கிளாசு? இம்புட்டு நாளும் படிச்சில்ல? அந்தச் சாயங்காலம் இங்க உக்காந்து படி. நான் வெளக்கத் தூண்டிவிடுறேன்.”

“அங்க உமர் சொல்லிக் குடுப்பான் ஆத்தா.”

“அவனை இங்க கூட்டியா. ரெண்டு பேருக்கும் கஞ்சி காச்சுறேன்.”

அவன் அய்யாவைப் பார்த்தான். நல்லகாமன் கலயத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். “பயலுக்கு வெசனமா இருக்கு” என்றார். அவ்வளவுதான். அது தாய்க்குச் சொன்னதா, மகனுக்குச் சொன்னதா, கஞ்சிக்குச் சொன்னதா என்று யாருக்கும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அந்த வீட்டில் யாருக்கும் சரியில்லை. முத்திருளன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டரிடம் கயிற்றைக் காட்டினான். அவர், “உன்னை விட்டா அந்த ஓரத்துல ஓட எனக்கு ஆள் ஏதுடா? ஒரு சின்னப் பயதான் இருக்கான்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கணக்கு வாத்தியாரிடம் போனால் அவர், “கயிறாவது உனக்குப் புத்தி சொல்லுதே” என்றார். ஆட வேண்டும் என்று கால் துடித்தது. தேற வேண்டும் என்று பயம் பிடித்தது. ஆடினாலும் தேற மாட்டோம், ஆடாவிட்டாலும் தேற மாட்டோம் என்று ஒரு நேரம் தோன்றியது. ரயிலில் புத்தகத்தைப் பிரித்தால் எழுத்துகளுக்கு நடுவில் சுண்ணாம்புக் கோடு தெரிந்தது.

நல்லகாமன் கொடிக்காலில் கால் போன வரப்பில் போனார். ஒரே பாத்திக்கு இரண்டு தரம் தண்ணீர் இறைத்துவிட்டு அடுத்ததை மறந்தார். படிப்பா, பந்தா என்று அவரைக் கேட்டால் படிப்பு என்றுதான் சொல்லியிருப்பார். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஓரத்தில் மகன் ஓடுகிறதை இன்னொரு தரம் பார்க்காமல் போனால் தனக்கு ஏதோ ஒன்று குறைந்துவிடும் என்று இருந்தது. அது என்ன என்று அவரால் சொல்ல முடியவில்லை. பயல் ஆடட்டும், ராத்திரி வண்டிக்கு வரட்டும், விடிந்து போய்ப் பரீட்சையும் எழுதட்டும், ஒரு சாயங்காலத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று கடைசியில் முடிவு பண்ணினார்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரம் பூசாரியிடம் போனார்.

“சோலை, பய கையில இருக்கிற காப்ப மாத்திக் கட்டலாமா?”

“கட்டுன காப்ப அவுத்துச் சும்மா விடக் கூடாதுண்ணே. ரத்த சொந்தத்துல ஒரு கையில ஏறணும்.”

“எங் கையில ஏத்து.”

சோலை அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீயா? தீச்சட்டி எடுக்கணும்ணே. ஊரைச் சுத்தி மூணு தரம். உனக்கு முழங்கால் வலின்னு ஊருக்கே தெரியும்.”

“எடுப்பம்.”

“இன்னொண்ணு. பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு விட்ட சலுகை உனக்குக் கெடையாது. சட்டி எடுத்து முடிக்கிற வரைக்கும் எல்லைக்கல்லத் தாண்டவே கூடாது. சிம்மக்கல்லு, மண்டி, ஒண்ணும் ஆகாது.”

நல்லகாமன் அதை யோசிக்கவில்லை. இப்போதுதான் உறைத்தது. மகன் ஆடலாம், தான் பார்க்க முடியாது. சேக் இஸ்மாயில் மூங்கில் ஓரத்தில் இடம் பிடித்து வைத்திருப்பார். அம்மன் முகத்தைப் பார்த்தார்.

“சரி, கட்டு” என்றார்.

முத்திருளனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அன்னக்கொடியும் பின்னாலேயே ஓடி வந்தாள். அதற்குள் கயிறு கை மாறிக்கொண்டிருந்தது.

“இந்தாருங்க, உங்களுக்கு என்ன கிறுக்கா? அவன்தான் போய்ட்டுப் போய்ட்டு வாரானே, இப்ப என்ன வந்துச்சு?”

நல்லகாமனுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சில் இருந்தது. மகன் எதிரே நின்றான். மனைவியும் நின்றாள், பூசாரியும் நின்றார். பந்து என்கிற வார்த்தையை அங்கே எடுத்தால் பையன் மாட்டிக்கொள்வான். மகனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் சொல்லியாயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“பய வெசனமில்லாமப் போய்ட்டு வரட்டும்” என்றார். திரும்பிக் கொடிக்காலுக்கு நடந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் முத்திருளன் உமர் பாரூக் வீட்டில் உட்கார்ந்திருந்தான். உமரின் அம்மா சுல்தான் பீவி, கயிறு கை மாறிய சேதி தெரியாமல், விரதக்காரப் பிள்ளைக்கு ஆகுமே என்று புது மண்சட்டி வாங்கிப் பருப்புச்சோறு ஆக்கி வைத்திருந்தார். “இந்தச் சட்டியில கறி வாடையே படலப்பா, பயப்படாமச் சாப்பிடு” என்றார். முத்திருளனுக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

“கையில கயிறு இல்ல. பெறகு ஏன்டா பேயறைஞ்சவன் மாதிரி உக்காந்திருக்க?” என்றான் உமர். “டிரில் மாஸ்டர்ட்டப் போய்ச் சொல்லுவம், வா.”

“எங்கய்யா மாத்திக் கட்டிக்கிட்டாருடா.”

“நல்லதுதான? ஆடிட்டு ராத்திரி வண்டிக்குப் போ.”

“ஆடுறதுக்கா கட்டிக்கிட்டாரு? நான் கரைச்சல் இல்லாமப் படிக்கணும்னு கட்டிக்கிட்டாரு. எங்கய்யாவுக்குப் பந்து எந்தப் பக்கம் உருளும்னுகூடத் தெரியாது. ஸ்பெஷல் கிளாசுன்னு நான் சொன்னத நம்பிக் கட்டிக்கிட்டாருடா.”

“படிக்கத்தான் கட்டுனேன்னு அவரு வாயால சொன்னாரா?”

“அவரு என்னைக்கு முழுசாச் சொல்லிருக்காரு? வெசனமில்லாமப் போய்ட்டு வரட்டும்னாரு. அப்படி ஒரு பார்வை பாத்தாரு மாப்ள. எனக்குச் செத்துறலாம் போல இருந்துச்சு.”

உமருக்கும் குழப்பமாகிவிட்டது. “நீ இல்லைன்னா அந்த ஓரம் சும்மா கெடக்கும்டா” என்றான் மெதுவாக.

“தெரியும்.”

“கோல்ல நான் எம்புட்டுத்தான் தடுப்பேன்?”

“தெரியும்டா. இம்புட்டு நாளும் பொய் சொன்னேன், உறுத்தல. இப்ப எம் பொய்க்கு அவரு முழங்கால் வலியோட தீச்சட்டி தூக்கப் போறாரு. அந்தக் கயித்து மேல நின்னு என்னால ஆட முடியாது.”

“அப்ப இங்கேயே இருந்து படி. ஆட்டம் முடிஞ்சு வாரேன்.”

“இங்க இருந்தா காலு மைதானத்துக்குப் போயிரும். நான் நாலு மணி வண்டிக்குப் போறேன்.”

சுல்தான் பீவி பருப்புச்சோற்றை வாழையிலையில் கட்டிக் கையில் கொடுத்தார். உமர் வாசல்வரை வந்தான்.  அவன் கண் கலங்கியிருந்தது.

அன்று நல்லகாமன் கொடிக்கால் வேலையைச் சீக்கிரமே முடித்துக் குளித்துவிட்டு எல்லைக்கல்லுக்கு வந்துவிட்டார். கல்லுக்கு இந்தப் பக்கம் கரையில் துண்டை விரித்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடியது. அகத்தி நிழல் நீண்டு கல்லைத் தொட்டது. போகிற வருகிறவர்கள், “என்ன, காப்புக் கையோட காவலா?” என்று கேலி பேசிவிட்டுப் போனார்கள். அவர் சிரித்துக்கொண்டார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. நிழலைப் பார்த்து நேரம் கணித்தார். இப்போது மூங்கிலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்திருக்கும். சேக் இஸ்மாயில் முண்டியடித்து முன்னால் போயிருப்பார். கடலைக்காரன் வந்திருப்பான். இப்போது விசில் ஊதியிருப்பார்கள். துண்டைச் சுழற்றுகிற ஆள் இன்றைக்கும் வந்திருப்பானா? அவன் பக்கத்தில் நின்று, அது என் மகன் என்று இன்றைக்காவது சொல்லியிருக்கலாம். பரவாயில்லை. ராத்திரி வண்டிக்கு வந்து அவனே சொல்லுவான். இன்றைக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

கரையில் தூரத்தில் ஓர் ஆள் வந்தது. கையில் வாழையிலைப் பொட்டலமும் கக்கத்தில் புத்தகமும் தெரிந்தன. நல்லகாமன் முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தார். நடை கிட்டே வர வர எழுந்து நின்றுவிட்டார்.

முத்திருளன் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றான்.

“என்னய்யா இங்க நிக்கிறீக?”

“சும்மாதான்.” நல்லகாமன் பொட்டலத்தைப் பார்த்தார். “நாலு மணி வண்டியா?”

“ஆமாய்யா.”

“ராத்திரி வண்டிக்கு வாரதுக்குத்தானடா…” என்று தொடங்கி நிறுத்தினார்.

முத்திருளன் அதைக் கவனிக்கவில்லை. வழியெல்லாம் மனதில் ஓட்டிக்கொண்டு வந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம் அவனுக்கு.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஸ்பெஷல் கிளாசெல்லாம் பொய்யி. நான் பந்தாடுறேன்யா. பள்ளிக்கூடத்து டீம்ல இருக்கேன். இன்னைக்குத்தான் பைனலு, இப்ப நடந்துக்கிட்டிருக்கு. நான் போகல. எனக்காக நீங்க கயித்தக் கட்டிக்கிட்டு நிக்கிறப்ப நான் அங்க போய் ஆடுனா மனுசனே இல்ல. உமரு எம்புட்டோ சொன்னான், கேக்கல. நாளைக்குக் கணக்குல தேறிருவேன்யா. இனிமே பந்தைத் தொடமாட்டேன். ஆத்தா மேல சத்தியமா.”

சொல்லி முடித்ததும் அவனுக்கு மூச்சு இலேசானது. கண்ணில் தண்ணீர் நின்றது. அய்யா திட்டுவார், இல்லாவிட்டால் தோளைத் தொடுவார் என்று காத்திருந்தான்.

நல்லகாமன் கையில் இருந்த மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டு நின்றார். நல்ல காரியம் செய்தாய் என்று சொல்ல வேண்டிய இடம் அது. பையன் திருந்தி வந்து நிற்கிறான், எந்தத் தகப்பனும் சொல்லுவான். அவருக்கோ பொங்கிப் பொங்கி அழுகை வந்தது. பையனைப் பிடித்துத் திருப்பி, போடா, ஓடு என்று தள்ளிவிடக் கை பரபரத்தது. கல்லைத் தாண்டிக் கை நீட்டவும் முடியாது. அவன் தோளுக்கு மேலாக, தூசி பறக்கிற கிழக்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஆட்டத்தில் பாதி முடிந்திருக்கும்.

அங்கிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“லெப்டு அவுட்டு இப்ப யாருடா ஓடுறா?”

முத்திருளனுக்கு முதலில் விளங்கவில்லை. அய்யா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தான். மஞ்சள் கயிற்றைப் பார்த்தான். மறுபடியும் முகத்தைப் பார்த்தான். பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. கக்கத்தில் இருந்த புத்தகம் நழுவிக் கரையில் விழுந்தது, அவன் அதை எடுக்கவில்லை. திரும்பி ஸ்டேஷன் பக்கம் பார்த்தான்.

மதுரைக்குப் போகிற அடுத்த வண்டி விடிந்த பிறகுதான்.